குடிநீர் ஆய்வறிக்கையில் விடுபட்டுப்போகும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் ஃபுளோரைடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குழப்பமும் கூடவே எழுகிறது. ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தால், ஒன்று லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்கிறது, இன்னொன்று 1.7 என்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 (2012) சொல்லும் ஏற்கத்தக்க அளவு 1.0. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். ஆக, ஓர் அறிக்கையின்படி அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், மற்றதன்படி கூடாது. ஊராட்சித் தலைவர் எந்தத் தாளை நம்புவார்?

கருவி பழசு, ஆள் புதுசு என்று காரணம் சொல்வது வழக்கம். சில நேரம் அது உண்மைதான். ஆனால் கருவிக்குப் பக்கத்தில் மேசைமேல் நிற்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை யாரும் சந்தேகிப்பதில்லை. அதுதான் ஒப்பீட்டுப் பொருள். ஆய்வகங்களில் ‘ஸ்டாண்டர்டு’ என்பார்கள். உரிய சான்றிதழோடு வந்தால் ‘சி.ஆர்.எம்.’ என்பார்கள், அதாவது சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள். மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போட்ட எடைக்கல் எப்படியோ, வேதியியல் அளவீட்டுக்கு இது அப்படி. எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கும் நாம், குடிநீர் அறிக்கையில் அதைக் கேட்பதில்லை. அறிக்கையிலும் அது இருப்பதில்லை.

எடைக்கல்லோடு ஒப்பிடுவது ஓரிடத்தோடு நின்றுவிடும். ஒரு கிலோ கல் அரிசிக்கும் ஒரு கிலோதான், புளிக்கும் ஒரு கிலோதான். வேதியியலில் அப்படியில்லை. காய்ச்சி வடித்த நீரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடும், கடினத்தன்மையும் படிகாரமும் கலந்த நீரில் அதே 1 மில்லிகிராமும் கருவியின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாமல் போகலாம். ஒப்பீட்டுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இங்கேதான்.

ஒப்பீட்டுப் பொருளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. கருவிக்கு அளவுகோல் போட்டுக் கொடுப்பது (காலிபரேஷன்) ஒன்று. போட்ட அளவுகோலும் கையாண்ட முறையும் சரியா என்று சோதிப்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் ஒரே பாட்டிலைப் பயன்படுத்துவதுதான் நாங்கள் பார்த்தவற்றில் மிகப் பரவலான தவறு. ஓர் உதாரணம் பாருங்கள். சோடியம் ஃபுளோரைடு உப்பை 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஈரம் ஏறாமல் காக்கும் டெசிகேட்டர் பாத்திரத்தில் ஆறவைத்து, 0.2210 கிராம் நிறுத்து, ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு கிடைக்கும். அவசரத்தில் உலர்த்தாமல் நிறுத்து, உப்பில் 5 சதவீதம் ஈரம் இருந்துவிட்டால், கரைசலில் இருப்பது 95தான். அதை 100 என்று நம்பி அளவுகோல் கோடு போட்டால் அன்றைய மாதிரிகள் அத்தனையும் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதே கரைசலை நீர்க்கச் செய்து ‘செக்’ போட்டுப் பார்த்தாலோ, 1.00 வர வேண்டிய இடத்தில் 1.00தான் வரும். தவறு தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். சோதனைக்கான பாட்டில் வேறு தயாரிப்பாளரிடமிருந்து, இல்லாவிட்டால் குறைந்தபட்சம் வேறு தயாரிப்புத் தொகுதியிலிருந்து (பேட்ச்) வர வேண்டும் என்பது இதனால்தான்.

தயாரித்த கரைசலை எதில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும். கண்ணாடிக் குடுவையில் அளவு சரிசெய்யலாம், ஆனால் சேமிக்க பாலிஎத்திலீன் பாட்டில்தான். கரைசலை அளந்தெடுக்கும் குழாயான பிப்பெட்டை நேரே தாய்ப் பாட்டிலுக்குள் விடக் கூடாது. எடுத்தது மிஞ்சினால் திரும்ப ஊற்றக் கூடாது. திறந்த தேதியை லேபிளில் எழுத வேண்டும். பாதி காலியான பாட்டில் மூடி தளர்ந்து மாதக்கணக்கில் அலமாரியில் நின்றால் நீர் ஆவியாகிச் செறிவு ஏறும். சான்றிதழில் அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கானது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது அளவு. ‘லிட்டருக்கு 1000 மில்லிகிராம், சி.ஆர்.எம்.’ என்று ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும் ஆய்வகங்கள் உண்டு. அளவுகோல் போட அது நல்ல பொருள். ஆனால் அதை 1.5-க்கு நீர்க்கச் செய்து சோதிக்கும்போது சோதிக்கப்படுவது பெரும்பாலும் பிப்பெட்டும் குடுவையும் கையும்தான். முறையைச் சோதிக்க வேண்டுமானால், உள்ளூர்க் கிணற்றுநீரை ஒத்த நீரில், வரம்புக்கு அருகே, அதாவது 1.0-க்கும் 1.5-க்கும் இடையில் மதிப்புள்ள ஒன்று வேண்டும். நம் பகுதியில் 3, 4 மில்லிகிராம் உள்ள கிணறுகளும் வரக்கூடும் என்பதால் அந்த உயரத்திலும் ஒன்று இருப்பது நல்லது. சாயத்தின் நிறமாற்றத்தை வைத்து ஃபுளோரைடை அளக்கும், ஸ்பேண்ட்ஸ் எனப்படும் நிறமுறை ஏறத்தாழ 1.4 வரைதான் நேர்கோட்டில் போகும். அதற்கு மேல் மாதிரியை நீர்க்கச் செய்தாக வேண்டும். அந்த நீர்த்தலும் சரியாக நடந்ததா என்பதை உயர்மதிப்புள்ள சோதனை நீர்தான் காட்டிக்கொடுக்கும்.

இனி அலுமினியம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஃபுளோரைடை அகற்றப் பயன்படும் நல்கொண்டா முறையே படிகாரத்தையும் சுண்ணாம்பையும் நம்பி நிற்கிறது. படிகாரம் என்றால் அலுமினியம். சுத்திகரித்த நீரில் அதன் மிச்சம் இருக்கும். அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட ஃபுளோரைடைக் கருவி காணாது, குடிப்பவர் வயிற்றுக்குள் மட்டும் அது போகும். நிறமுறையில் சாயம் சேர்த்த உடனே அளந்தால், லிட்டருக்கு வெறும் 0.1 மில்லிகிராம் அலுமினியமே 1.0 மில்லிகிராம் ஃபுளோரைடை 0.9 என்று குறைத்துக் காட்டப் போதும். குடிநீரில் அலுமினியத்துக்கு மாற்று நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் வரம்பே 0.2. அதாவது அலுமினியத்தில் விதிப்படி தேறிய நீரிலும் ஃபுளோரைடு அளவு பிசகலாம். சாயம் சேர்த்து இரண்டு மணி நேரம் காத்திருந்து அளந்தால் 3 மில்லிகிராம் அலுமினியம் வரை முறை தாங்கிக்கொள்ளும். ஆனால் ஸ்டாண்டர்டுகளையும் அதே நேரம் காக்கவைத்தே அளக்க வேண்டும். அன்று நாற்பது மாதிரி வரிசையில் நிற்கும்போது இதற்கு யார் பொறுமையோடு இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

சாயத்துக்குப் பதில் ஃபுளோரைடு மின்முனை (எலக்ட்ரோடு) வைத்து அளப்பவர்கள் நிலை மேல். மாதிரியோடு சம அளவு டிஐசாப் என்ற துணைக் கரைசலைச் சேர்க்கிறார்கள். அது அமிலத்தன்மையை (pH) 5-க்கும் 5.5-க்கும் இடையில் நிறுத்துகிறது, அதில் உள்ள சி.டி.டி.ஏ. என்ற சேர்மம் அலுமினியத்தைத் தன் பக்கம் இழுத்து ஃபுளோரைடை விடுவிக்கிறது. ஆனால் உடனே விடுவித்துவிடாது, நேரம் எடுக்கும். இங்கே இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. முறை சரியா என்று பார்க்க, மாதிரியில் தெரிந்த அளவு ஃபுளோரைடைச் சேர்த்து (ஸ்பைக்) எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது வழக்கம். டிஐசாப் ஊற்றிய பிறகு அந்த ஃபுளோரைடைச் சேர்த்தால் அது அலுமினியத்திடம் சிக்கவே இல்லை. 98, 100 சதவீதம் என்று அழகாகத் திரும்ப வரும். நீரில் முன்பே பிடிபட்டுக் கிடந்த ஃபுளோரைடு மட்டும் அப்படியே கிடக்கும். அறிக்கையில் ‘மீட்பு 99 சதவீதம்’ என்று பார்த்து நிம்மதியடைபவர்கள், எந்தக் கட்டத்தில் சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

படிகாரம் பயன்படும் ஊர்களுக்கு ஏற்ற சோதனை நீரை ஆய்வகமே அமைத்துக்கொள்ளலாம். சான்றளித்த ஃபுளோரைடு கரைசலிலிருந்து லிட்டருக்கு 1.50 மில்லிகிராம் வருமாறு எடுத்து, அதோடு 0.2 மில்லிகிராம் அலுமினியம், 200 மில்லிகிராம் சல்ஃபேட், உள்ளூர் நீரில் இருக்கும் அளவுக்கு பைகார்பனேட் ஆகியவற்றைச் சேர்த்து, ஓர் இரவு மூடிவைக்க வேண்டும். காலையில் மாதிரிகளோடு மாதிரியாக இதையும், எது எது என்று ஆய்வாளருக்குச் சொல்லாமல், அளக்கக் கொடுக்க வேண்டும். 1.50 வந்தால் முறை நிற்கிறது. 1.3 வந்தால் காய்ச்சி வடித்த நீரில் செய்த ‘செக்’ எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் பயனில்லை.

அலகுக் குழப்பம் சிரிப்பு வரவழைக்கும் அளவுக்கு எளியது, ஆனால் இதைவிடப் பெரிய பிழை வேறெதிலும் வராது. நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 10500-ன் வரம்பு 45 மில்லிகிராம், நைட்ரேட்டாகக் கணக்கிட்டது. சந்தையில் ‘1000 மில்லிகிராம், நைட்ரஜனாக’ என்று ஒரு பாட்டிலும் ‘1000 மில்லிகிராம், நைட்ரேட்டாக’ என்று ஒரு பாட்டிலும் கிடைக்கும். முதலாவதில் உண்மையில் 4427 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது. லேபிளைச் சரியாகப் படிக்காமல் அதை 1000 நைட்ரேட் என்று வைத்துக் கோடு போட்டால், 45 உள்ள தண்ணீர் அறிக்கையில் 10 ஆகிவிடும். அதேபோல் சில சான்றிதழ்கள் லிட்டருக்கு என்று சொல்லாமல் கிலோகிராமுக்கு என்று சொல்லும். அங்கே அடர்த்தியும் வெப்பநிலையும் கணக்கில் நுழையும்.

சான்றிதழை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ‘ஏ.ஆர். தரம், 99 சதவீதம்’ என்று ரசாயன பாட்டிலோடு வரும் தாள் சி.ஆர்.எம். சான்றிதழ் ஆகாது. சி.ஆர்.எம். சான்றிதழில் மதிப்பு, அதன் நிச்சயமின்மை (± என்று வருவது), அந்த மதிப்பு எதன் வழியாக எஸ்.ஐ. எனும் சர்வதேச அலகுகளோடு இணைகிறது என்ற விவரம், செல்லுபடிக் காலம், சேமிக்கும் முறை, திடப்பொருளானால் குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். தயாரிப்பாளர், ஒப்பீட்டுப் பொருள் தயாரிப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17034-ன்படி அங்கீகாரம் பெற்றவரா என்று பார்க்க வேண்டும். ஆய்வகங்களை ஐ.எஸ்.ஓ. 17025-ன்படி மதிப்பிடும் தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.தான் இந்தத் தயாரிப்பாளர்களையும் அங்கீகரிக்கிறது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் பி.என்.டி. என்ற ஒப்பீட்டுப் பொருள் வரிசையும், ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் இயங்கும் உட்கூறு ஆய்வு மையத்தின் தயாரிப்புகளும் நம் நாட்டிலேயே இருக்கின்றன. லேபிளில் ‘என்.ஐ.எஸ்.டி. டிரேசபிள்’ (அமெரிக்கத் தர நிறுவனத்தின் அளவோடு இணைவது) என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது, எப்படி என்று உள்ளே எழுதியிருக்க வேண்டும். சில சான்றிதழ்களில் சில மதிப்புகள் ‘தகவலுக்காக’ என்று தனியே கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றை வைத்து முறையின் சரித்தன்மையைத் தீர்மானிக்கக் கூடாது.

அந்த ± எண்ணை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு கணக்கு போடுவோம். சான்றிதழில் 1.02 ± 0.04 என்று இருக்கிறது, k = 2 (அதாவது 0.04 என்பது அடிப்படை நிச்சயமின்மையின் இரு மடங்கு). ஆய்வகம் அதே நீரைப் பலமுறை அளந்து சராசரி 0.93 பெறுகிறது. ஆய்வகத்தின் நிச்சயமின்மை, இரட்டிக்காமல், 0.03. பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? 0.93-ஐ 1.02-ஆல் வகுத்து 91 சதவீதம் என்பார்கள், 90 முதல் 110 வரை தேர்ச்சி என்று டிக் அடிப்பார்கள். சரியான வழி வேறு. சான்றிதழின் 0.04-ஐ இரண்டால் வகுத்தால் 0.02. இரண்டு நிச்சயமின்மைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.036. அதை இரண்டால் பெருக்கினால் 0.072. இரண்டு மதிப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் 0.09. அது 0.072-ஐத் தாண்டுகிறது. முறை உண்மையிலேயே குறைத்து அளக்கிறது என்று பொருள். அந்த 91 சதவீதத்தோடு போனால், 1.6 உள்ள கிணறு 1.46 ஆகி வரம்புக்குள் வந்துவிடும். சி.ஆர்.எம்.மின் நிச்சயமின்மை ஆய்வகத்தின் நிச்சயமின்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் தேர்ந்தெடுப்பது பழக்கம். மேலே உள்ள உதாரணத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு. மலிவான பாட்டில்களில் இது அடிக்கடி நடக்கும்.

மின்முனையில் அளப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரு மில்லிவோல்ட் பிசகினால் செறிவில் 4 சதவீதம் பிசகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சி.ஆர்.எம்.மை உடனே அளக்கக் கூடாது. மாதிரியும் ஸ்டாண்டர்டும் சோதனை நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும்.

இவ்வளவும் தண்ணீருக்குச் சொன்னது. தண்ணீர் எளிய பொருள். ஈரோட்டு மஞ்சளில் ஈயம் பார்ப்பது போன்ற வேலைகளில் பாடு இன்னும் அதிகம். ஈயக் கரைசலை மஞ்சள் தூளில் சொட்டி, அமிலத்தில் செரித்து, முழுவதும் திரும்ப வந்தது என்று காட்டுவது சுலபம். நிறத்துக்காகக் கலக்கப்படும் ஈயக் குரோமேட்டின் மணிகள் முழுதாகக் கரைந்தனவா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. செடித்தூள் சி.ஆர்.எம்.மும் முழுதாகச் சொல்லாது, ஏனென்றால் அதிலுள்ள ஈயம் பெரும்பாலும் இலை, தண்டு வழியாக வந்ததே தவிர சாயமாக வந்ததல்ல. அரிசியில் ஆர்சனிக்கும் அப்படித்தான். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. வெளியிடும் எஸ்.ஆர்.எம். 1568பி என்ற ஒப்பீட்டு அரிசி மாவில் மொத்த ஆர்சனிக் கிலோவுக்கு 0.285 மில்லிகிராம், அதில் கனிம ஆர்சனிக் 0.092 மட்டுமே. தீட்டிய அரிசிக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் 0.2 வரம்பு கனிம ஆர்சனிக்குக்கானது. மொத்தத்தை அளந்து வரம்போடு ஒப்பிட்டால் நல்ல அரிசியையும் நிராகரிப்போம்.

செலவு என்று ஆய்வகங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சி.ஆர்.எம்.மைத் தினமும் ஊற்றித் தீர்க்க வேண்டியதில்லை. 20 லிட்டர் உள்ளூர்க் கிணற்றுநீரை வடிகட்டி, பாலிஎத்திலீன் கேனில் வைத்து, இருபது வெவ்வேறு நாட்களில் சி.ஆர்.எம்.மோடு ஒப்பிட்டு அளந்து மதிப்பு நிர்ணயித்தால், அதுவே தினசரிச் சோதனை நீர். சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் (அந்த அளவீடுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) விலகினால் எச்சரிக்கை, மூன்று விலகினால் அன்றைய முடிவுகளை நிறுத்திவைக்க வேண்டும். கடின நீரானால் நாள்பட அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், அதோடு ஃபுளோரைடும் கொஞ்சம் போகலாம். படிவு தெரிந்ததும் கேனைக் கொட்டிவிட்டுப் புதிது தயாரிக்க வேண்டும். சி.ஆர்.எம்.மை மாதம் ஒருமுறை தொட்டால் போதும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஃபுளோரைடுக்கு அவர்கள் நம்புவது நிற அட்டையை. பெட்டியில் உள்ள சாயம் வெயிலில் கெட்டதா, காலாவதியானதா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. மாவட்ட ஆய்வகங்களை நடத்தும் குடிநீர் வடிகால் வாரியம், உள்ளூர்க் கிணற்றுநீரிலேயே 1.0-க்கு ஒன்றும் 2.0-க்கு ஒன்றுமாக மதிப்பு நிர்ணயித்த கால் லிட்டர் பாட்டில்களைப் பெட்டியோடு கொடுக்கலாம். மதிப்பை அட்டையில் எழுதி, உறையிட்டுத் தனியே வைத்தால், முதலில் அளந்துவிட்டு உறையைப் பிரித்துப் பார்க்கலாம்.

அறிக்கை கேட்கும் ஊராட்சிகள், பள்ளிகள், கேன் நீர் நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் கீழ்வரும் விவரங்களைக் கேட்டுச் சேர்க்க வேண்டும்: ஃபுளோரைடு அந்த ஆய்வகத்தின் அங்கீகார எல்லைக்குள் எந்த முறையில், எந்த அளவு வரை இருக்கிறது, அளவுகோலுக்கும் சோதனைக்கும் பயன்படுத்திய ஒப்பீட்டுப் பொருட்களின் பெயர், தொகுதி எண், தயாரிப்பாளர், காலாவதி, சோதனை நீர் காய்ச்சி வடித்ததா, கிணற்றுநீர் போன்றதா, அன்று அது காட்டிய மதிப்பு, சான்றிதழ் மதிப்பு, முடிவின் நிச்சயமின்மை. அறிக்கையின் அடியில் இரண்டு வரி இடம் போதும் இதற்கு. தொகுதி எண் கேட்டதும் தயங்குகிற ஆய்வகத்திடம், மாதிரியை இரண்டு பாட்டில்களில் பிரித்து, வெவ்வேறு பெயர் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
நீர்ப் பகுப்பாய்வுத் துறையில் பணியாற்றும் வாசகர்கள்,
தருமபுரி.